லைசென்ஸ் கொடுத்தால் போதுமா? ரிப்பேருக்கு எங்கே போவது?

 

தண்ணி, கரண்டு, கரும்புப் பாக்கி, காட்டுப்பன்னி என்று மத்த பக்கங்களில் எல்லாம் எழுதியிருக்கிறோம். இந்தப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வேற சங்கதி. நம்மில் சிலர் வீட்டு பீரோவில் பூட்டிக் கிடக்கிற பழைய துப்பாக்கியைப் பற்றியது. இதை எழுதச் சொன்னபோதே சங்கத்துக்குள் ஒரு தம்பி கேட்டார்: "ஏனுங்கண்ணா, துப்பாக்கி வெச்சிருக்கறவரெல்லாம் பெரிய பண்ணாடிங்க. அவுங்களுக்கு எதுக்கு நம்ம நோட்டீசுல இடம்?"

நியாயமான கேள்விதான். பதிலைச் சொல்லிவிட்டே தொடங்குகிறேன். என்னிடம் இருப்பது ஆறரை ஏக்கர். அதில் ரெண்டு ஏக்கர் போர் வற்றி மேய்ச்சல் காடாகக் கிடக்கிறது. எங்கள் அப்பாரு 1960-களில் லைசென்ஸ் போட்டு வாங்கிய ஒரு வெப்ளி ரிவால்வர், அப்பா கைக்கு வந்து, இப்போது என் பேரில் இருக்கிறது. பெரிய பண்ணாடிக்குக் காவலாள் உண்டு, கேமரா உண்டு, கேட்டு உண்டு. ஊரைவிட்டு ஒன்றரை மைல் தள்ளி, நானும் என் வீட்டுக்காரியும் ரெண்டு நாயும் நாலு மாடும் இருக்கிற சாளைக்குத்தான் இந்த இரும்பு.

இந்தக் கொங்கு மண்ணில் நாம் ஊருக்குள் கூடி வாழ்கிற சனம் இல்லை. அவரவர் தோட்டத்தில் அவரவர் சாளை. பக்கத்துச் சாளைக்காரரைக் கூப்பிட வேண்டும் என்றால் ரெண்டு வரப்பு தாண்டித் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பிள்ளைகள் திருப்பூர், கோயமுத்தூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். வயசானவர்கள் மட்டும் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டு இருக்கிறோம். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரே தோட்டத்து வீட்டில் மூன்று உயிர் போனது. 2025-ல் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் வயசான தம்பதி இருவரை அடித்தே கொன்றார்கள். அதற்கப்புறம் எத்தனை சாளையில் ராத்திரி லைட்டை அணைக்காமல் படுக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சம்பவங்களுக்குப் பிறகு, "தோட்டத்து வீட்டுக்காரர்களுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடு" என்ற கோரிக்கை பல பக்கமும் எழுந்தது. நானும் கூட்டங்களில் கேட்டேன். ஆனால் கேட்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கி, வருசக் கணக்கில் ஒழுங்காகப் புதுப்பித்து வைத்திருக்கிறவன் கையில் இருக்கிற துப்பாக்கி என்ன நிலைமையில் இருக்கிறது? அது சுடுமா? சுட்டால் எதிரில் நிற்பவனுக்கு ஆபத்தா, பிடித்திருப்பவனுக்கு ஆபத்தா?

என் கதையைக் கேளுங்கள்.

கோணிப் பையில் திரும்பி வந்த ரிவால்வர்

2024 மார்ச் 16-ஆம் தேதி மக்களவைத் தேர்தல் அறிவிப்பு வந்தது. ரெண்டாம் நாளே ஸ்டேஷனிலிருந்து போன். "ஆயுதத்தைக் கொண்டாந்து ஒப்படைச்சிருங்க." போனேன். ரைட்டர் நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டு ஒரு ரசீது கொடுத்தார். நான் துணியில் சுத்தி, எண்ணெய் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அந்தத் துணியை அவிழ்த்து நம்பர் பார்த்தார்கள், மறுபடி சுத்தவில்லை. ஒரு சீட்டு கட்டி, கோணிப் பையில் போட்டு, கேஸ் சாமான் கிடக்கிற ரூமுக்குப் போய்விட்டது. நமக்கு ஏப்ரல் 19-ல் ஓட்டு முடிந்தது. ஆனால் நாடு முழுக்க முடிந்து எண்ணிக்கை ஜூன் 4. நடுவில் கோடை மழை. திரும்பக் கைக்கு வந்தபோது ஜூன் மாசம் பாதி.

பையிலிருந்து எடுத்தேன். குழல் மேலே செம்மண் பூசின மாதிரி துரு. வெப்ளியில் மேல் தாழ்ப்பாளை அமுக்கினால் குழல் முன்பக்கம் மடங்கி, சிலிண்டர் திறந்து, வெற்றுத் தோட்டாக்கூடு தானாக வெளியே தள்ளப்படும். அதுதான் அந்தச் சாமானின் அழகு. அன்றைக்குத் தாழ்ப்பாள் அசையவே இல்லை. கட்டைவிரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். "ஐயா, நான் குடுக்கும்போது இப்படி இல்லீங்களே" என்றேன். "ரசீதுல நம்பர் சரியா இருக்குதுங்களா? அவ்வளவுதான்" என்றார்கள். அவர்களையும் குத்தம் சொல்ல முடியாது. அவர்கள் உட்காருகிற ரூமே ஒழுகுகிறது.

இது ஒரு தடவை நடக்கிற கூத்தா? 2019-ல் மக்களவை. அதே வருசம் டிசம்பரில் ஊரக உள்ளாட்சி. 2021-ல் சட்டமன்றம். 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சி. 2024-ல் மறுபடி மக்களவை. ஈரோட்டுப் பக்கத்துக்காரர்களுக்கு 2023-லும் 2025-லும் இடைத்தேர்தல் வேறு. எல்லாத் தடவையும் எல்லாரிடமும் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வாங்கின தடவையெல்லாம் என்ன ஆனது என்பதைத் துப்பாக்கியின் உடம்பைப் பார்த்தாலே சொல்லிவிடலாம், மரத்தில் வளையம் எண்ணுகிற மாதிரி.

இத்தனைக்கும் தேர்தல் ஆணையத்தின் அறிவுரை என்ன? எல்லார் துப்பாக்கியையும் அள்ளிக்கொண்டு வா என்பதல்ல. ஒவ்வொரு லைசென்ஸ்தாரரையும் தனித்தனியாகப் பரிசீலனை செய், ஜாமீனில் இருப்பவன், குற்றப் பின்னணி உள்ளவன், முன்பு கலவரத்தில், குறிப்பாகத் தேர்தல் நேரக் கலவரத்தில் மாட்டியவன், இவர்களைப் பார்த்து முடிவு செய் என்பதுதான். அதற்கு மாவட்டத்தில் ஆய்வுக் குழுவும் உண்டு. ஆனால் கீழே வரும்போது அது "எல்லாரும் கொண்டாந்திருங்க" என்ற ஒரே போனாகச் சுருங்கிவிடுகிறது. எழுபது வயசுக் கிழவன் ரிவால்வரை வைத்துக்கொண்டு எந்த வாக்குச்சாவடியைப் பிடிக்கப் போகிறான்?

மூணு நடை, நாலு மாசம்

சரி, துரு ஏறிவிட்டது. ரிப்பேர் செய்ய வேண்டும். மோட்டார் காயில் எரிந்தால் மோட்டார் கடை, டிராக்டர் கியர் போனால் மெக்கானிக். ரிவால்வருக்கு?

கோயமுத்தூர்ச் சீமையில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வியே கேவலம். பம்புசெட்டுக்குப் பேர் போன ஊர் நம்முடையது. சந்துக்குச் சந்து லேத் பட்டறை. உடைந்த சாமானைக் கையில் கொடுத்தால், பார்த்து அதே மாதிரி கடைந்து கொடுக்கிற கைகள் ஆயிரம் இருக்கின்றன. என் சித்தப்பா பையனே பட்டறை வைத்திருக்கிறான். "கொண்டா மாமன் வீட்டுச் சாமானை, அரை நாள் வேலை" என்றான். நான் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இன்றைக்கு அவன் பட்டறையில் இருந்திருக்க மாட்டான்.

ஏன் என்று தெரிந்துகொள்ளுங்கள். 1959-ஆம் வருசத்து ஆயுதச் சட்டத்தில் 3-வது பிரிவு துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும் என்கிறது. அது எல்லாருக்கும் தெரியும். 5-வது பிரிவு பலருக்குத் தெரியாது. துப்பாக்கி செய்ய, விற்க மட்டுமல்ல, ரிப்பேர் பார்க்கவும், சோதித்துப் பார்க்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். அது இல்லாதவன் கை வைத்தால் 25-வது பிரிவில் கேஸ். முன்பு அதற்குத் தண்டனை மூணு வருசம் முதல் ஏழு வருசம். 2019-ல் திருத்தம் கொண்டு வந்தார்கள். இப்போது குறைந்தது ஏழு வருசம், மேலே ஆயுள் வரைக்கும் போகலாம். கள்ளத் துப்பாக்கி செய்கிறவனைப் பிடிக்க வந்த திருத்தம், சரிதான், வேண்டியதுதான். ஆனால் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கு ஒரு ஸ்பிரிங் மாற்றிக் கொடுக்கிற பட்டறைக்காரனும் அதே பிரிவில்தான் வந்து நிற்கிறான்.

இன்னொன்று. துருவைப் பார்த்ததும் நாமே உப்புத்தாள் எடுத்துத் தேய்க்கலாம் என்று கை பரபரக்கும். தேய்க்காதீர்கள்! மேலே வெட்டியிருக்கிற நம்பர் மங்கிப் போனால் அது வேறு வினை. 8-வது பிரிவுப்படி துப்பாக்கியின் நம்பரையோ அடையாளத்தையோ அழிப்பது தனிக் குற்றம். நான் துருவைத்தான் தேய்த்தேன் என்று கோர்ட்டில் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே முறைப்படி லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். பெரிய ஊர். பஸ்ஸில் மூணு மணி நேரம். மடியில் ரிவால்வர், சட்டைப் பையில் லைசென்ஸ் புத்தகம், நெஞ்சுக்குள் படபடப்பு. கடைக்காரர் மரியாதையாகத்தான் பேசினார். "ரிப்பேர் எங்க லைசென்ஸ்ல இருக்குங்க. ஆனா மிஸ்திரி இல்லீங்க. மாசம் ஒருக்கா வெளியூர்ல இருந்து ஒருத்தர் வருவாரு. வெச்சுட்டுப் போங்க." ரிஜிஸ்தரில் எழுதி, ரசீது கொடுத்தார். அது முதல் நடை.

நடுவில் பீட் போலீஸ்காரர் சாளைக்கு வந்தார். "ஆயுதம் எங்கீங்க?" கடை ரசீதைக் காட்டினேன். செல்போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். அந்த ரசீது மட்டும் தொலைந்திருந்தால் என் பாடு என்ன? அதனால் சொல்கிறேன், ரிப்பேருக்குக் கொடுத்தால் ரசீதை லைசென்ஸ் புத்தகத்துக்குள்ளேயே வையுங்கள். ஒரு ஜெராக்ஸ் வீட்டில் இருக்கட்டும்.

ரெண்டாம் நடையில் மிஸ்திரியையே பார்த்தேன். எழுபதைத் தாண்டின மனுசர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, ரிவால்வரைக் காதோரம் வைத்து, குதிரையை மெதுவாக இழுத்து விட்டு விட்டுக் கேட்டார், டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கிற மாதிரி. பிறகு எனக்கு விளக்கினார். துரு மேலோட்டம்தான், அது பெரிசில்லை. உள்ளே இருக்கிற கோளாறு பழசு. குதிரையை இழுக்கும்போது சிலிண்டரை அடுத்த அறைக்குத் தள்ளுகிற ஒரு சின்ன நாக்கு உண்டு. அது தேய்ந்துவிட்டது. அதனால் தோட்டா அறை குழலுக்கு நேராக வந்து நிற்காமல் நூலளவு தள்ளி நிற்கிறது. அப்படிச் சுட்டால் குண்டு குழல் வாயில் ஒரு பக்கம் உரசி, ஈயச் செதில் பக்கவாட்டில் தெறிக்கும். பிடித்திருப்பவன் கையிலோ பக்கத்தில் நிற்பவர் கண்ணிலோ படலாம். மேல் தாழ்ப்பாளும் தளர்ந்திருக்கிறது. "இத்தனை நாள் சுடாம வெச்சிருந்தீங்களே, அதான் உங்க புண்ணியம்" என்றார்.

இத்தனை வருசமும் தலைமாட்டில் காவல் என்று நினைத்து வைத்திருந்தது என் கையை நோக்கியே திரும்பியிருந்திருக்கிறது. திருடனுக்கு இது தெரியாது, அவன் பயப்படுவான் என்று சிலர் சொல்லலாம். பயப்படாதவன் வந்தால்?

உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்டேன். சிரித்தார். வெப்ளி இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் செய்தது. அங்கே ரிவால்வர் செய்வதை நிறுத்திப் பல பத்து வருசம் ஆகிவிட்டது. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியும் 1980-களின் நடுவிலேயே தனியாருக்கு அடைபட்டுப் போனது. நம் கான்பூர் அரசு ஆலையில் செய்கிற .32 ரிவால்வர் வெப்ளி வடிவத்தைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அதன் உதிரி இதில் அப்படியே உட்காராது. பார்த்துப் பார்த்து அரம் போட்டுச் சேர்க்க வேண்டும். அந்த அரம் பிடிக்கிற கைதான் இன்றைக்கு இல்லை. அவர் தன் அப்பாவிடம் கற்றுக்கொண்டவர். அவர் பையன் ஏ.சி. மெக்கானிக். "இதுக்கு ஐ.டி.ஐ.-ல கோர்ஸ் இருக்குதா? யார் வந்து கத்துக்குவாங்க? கத்துக்கிட்டாலும் லைசென்ஸ் யார் தருவாங்க?"

நாலாவது மாசம் மூணாம் நடை போய் வாங்கி வந்தேன். நாக்கை இரும்பில் புதுசாக அரத்தால் ராவியே செய்து போட்டிருந்தார். தாழ்ப்பாளை இறுக்கியிருந்தார். கூலி நான் பயந்த அளவு இல்லை. மூணு நடை பஸ் செலவும், போன நாள் கூலி ஆளுக்குக் கொடுத்ததும் அதைவிட அதிகம். வாங்கும்போது, "சுட்டுப் பார்த்தீங்களாய்யா?" என்று கேட்டேன். "எங்கீங்க சுடறது? இந்தச் சந்துலயா?" என்றார்.

உண்மைதானே! ரிப்பேர் பார்த்த துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்காமல் எப்படி நம்புவது? தோட்டத்தில் சுட்டால் கேஸ். ரைபிள் கிளப்பில் நம்மை உள்ளே விட வேண்டும் என்றால் மெம்பராக வேண்டும். ஆக, என் ரிவால்வர் இன்றைக்கும் ஒரு தச்சர் சொன்ன வார்த்தையை நம்பி ஏறுகிற ஏணி மாதிரிதான் இருக்கிறது.

நாட்டுத் துப்பாக்கிக்காரர் பாடு

ரிவால்வர் வைத்திருக்கிறவர்கள் சிலபேர்தான். பயிர்ப் பாதுகாப்புக்காக ஒற்றைக்குழல், இரட்டைக்குழல், கருமருந்து கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள்தான் அதிகம். ஆயுதச் சட்டத்தின் 13-வது பிரிவே பயிர்ப் பாதுகாப்புக்கு வாய் வழியாகக் கெட்டிக்கிற துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர வேண்டும் என்றும், அது போதாது என்றால் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கிக்கும் தரலாம் என்றும் சொல்கிறது. அதாவது பயிர்க்காரனுக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு சட்டம் ஒத்துக்கொண்ட உறவு. (எதைச் சுடலாம், யார் சுடலாம் என்பது வனச் சட்டம். அது தனிச் சண்டை, இங்கே கலக்கவில்லை.)

எங்கள் பக்கத்து ஊர் அண்ணன் ஒருவர். பேர் வேண்டாம். கெட்டிக்கிற துப்பாக்கியில் கேப் உட்காருகிற குமிழ் தேய்ந்துபோய்ப் புகை பின்னாடியே வந்துகொண்டிருந்தது. ரிப்பேருக்குப் போக வழி தெரியவில்லை. தெரிந்த வெல்டிங் ஆளிடம் ராத்திரியோடு ராத்திரியாகக் கொடுத்து பற்றவைத்து வாங்கிவிட்டார். சூடு பட்ட இரும்பு. ஆடி மாசம் கடலைக்காட்டில் வெடி போட்டார், பன்னியை விரட்டத்தான். பின்பக்கம் பிய்ந்து வலது கையில் ரெண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் என்ன சொன்னார் தெரியுமா? "கரும்பு மிசின்ல மாட்டிக்கிச்சு." ஏன்? உண்மையைச் சொன்னால் அவருக்கும் கேஸ், வெல்டிங் போட்ட பையனுக்கு ஏழு வருசம். இப்போது இடது கையால் பால் கறக்கிறார்.

அந்த ரெண்டு விரலுக்கு யார் பொறுப்பு? தப்பு அண்ணன் பேரில் இருக்கிறது, நான் மறைக்கவில்லை. கள்ளத்தனமாக ரிப்பேர் பார்க்காதீர்கள் என்று இந்த நோட்டீசிலேயே கெட்டி எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். ஆனால் நேர்வழியை முப்பது கோசத்துக்கு அந்தப்பக்கம் வைத்துவிட்டு, குறுக்கு வழியில் போனவனை மட்டும் பிடிப்பது என்ன நிர்வாகம்?

"பழசைத் தூக்கிப் போட்டுப் புதுசு வாங்கு" என்பவர்களுக்கு

அதிகாரி ஒருவர் என்னிடம் கேட்டார், பழசை வைத்துக்கொண்டு ஏன் அவதிப்படுகிறீர்கள் என்று. 2014-ல் பெண்களுக்காக என்று கான்பூரில் 'நிர்பீக்' என்ற ரிவால்வர் விட்டார்கள். அப்போதே விலை 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். பத்து வருசத்துக்கு முந்தின விலை அது. ஆறரை ஏக்கர்க்காரன் அந்தப் பணத்தில் போர் போடுவானா, ரிவால்வர் வாங்குவானா?

அதைவிடப் பெரிய பதில் சட்டத்திலேயே இருக்கிறது. 2016 ஆயுத விதிகளில், லைசென்ஸ்தாரர் இறந்தால் மட்டுமல்ல, எழுபது வயசு ஆனாலோ, துப்பாக்கியை 25 வருசம் வைத்திருந்தாலோ வாரிசு பேருக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று இருக்கிறது. என் பேருக்கும் அப்பா எழுபது முடித்த பிறகு இப்படித்தான் மாறியது. அப்படியானால் 25 வருசப் பழைய துப்பாக்கி கைமாறி அடுத்த தலைமுறைக்கும் போகும் என்று அரசாங்கத்துக்கே தெரியும். தெரிந்தும், அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஏற்பாடு இல்லை. லைசென்ஸ் காலம் முன்பு மூணு வருசம், 2019 திருத்தத்துக்கப்புறம் அஞ்சு வருசம். புதுப்பிக்கப் போகும்போது என்ன பார்க்கிறார்கள்? நம்பர் சரியா, பணம் கட்டியாச்சா, ஊரில் கேஸ் உண்டா. குழல் நேராக இருக்கிறதா, குதிரை நிற்கிறதா, தாழ்ப்பாள் பிடிக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. டிராக்டருக்கும் வேனுக்கும் எஃப்.சி. கேட்கிற அரசாங்கம், துப்பாக்கிக்கு எஃப்.சி. கேட்கவில்லை! கேட்டால் நாங்கள் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?

வேண்டாம் என்று ஒப்படைக்க நினைக்கிறவர்களும் நம்மில் உண்டு. பிள்ளைகள் வெளியூர், வீட்டில் பேரக் குழந்தைகள் ஓடியாடுது, எதுக்கு இந்தச் சனியன் என்று நினைப்பது சரியான நினைப்பு. குடிகார மகன் இருக்கிற வீட்டில் துப்பாக்கி இருக்கவே கூடாது என்பது என் கருத்து, யார் கோவித்துக்கொண்டாலும் சரி. அவர்களுக்கும் கௌரவமாக ஒப்படைத்துவிட்டுக் கையெழுத்து வாங்கி வர ஒரு நேரான வழி வேண்டும். இன்றைக்கு ஒப்படைக்கப் போனால் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் என்று அலைய வேண்டியிருக்கிறது. அலைச்சலுக்குப் பயந்தே பீரோவில் கிடக்கிற துப்பாக்கி எத்தனையோ.

என்ன கேட்கிறோம்?

பெரிசாக ஒன்றும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஆயுதப்படையில் துப்பாக்கி பராமரிக்கிற ஆர்மரர் இருக்கிறார். வருசத்துக்கு ஒருதடவை, அறுவடை ஓய்ந்த மாசத்தில், கட்டணம் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் துப்பாக்கிகளைச் சோதிக்கிற முகாம் நடத்தச் சொல்கிறோம். இது சுடத் தகுதி, இது ரிப்பேர் ஆக வேண்டும், இது இனி ஆகாது என்று லைசென்ஸ் புத்தகத்தில் ஒரு முத்திரை. ரிப்பேர் ஆனதைப் போலீஸ் சுடுதளத்திலேயே அவர்கள் கையால் சுட்டுப் பார்த்துக் கொடுக்கட்டும். ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்று வந்த நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ரிப்பேர் லைசென்ஸ் கொடுத்து, மாவட்டத்துக்கு ஒரு பட்டறையாவது திறக்க விடுங்கள். போலீஸ் கண்காணிப்பில், கேமரா வைத்து, ரிஜிஸ்தர் வைத்து நடக்கட்டும். எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

தேர்தல் நேரத்தில், ஆணையம் சொன்னபடி ஆள் பார்த்து முடிவு செய்யுங்கள். வாங்கியே தீருவோம் என்றால், வாங்கும்போது நம்பரோடு நிலைமையையும் ரசீதில் எழுதுங்கள். எண்ணெய்த் துணி சுத்திய சாமானை அப்படியே வையுங்கள். மாசம் ஒருதடவை சொந்தக்காரன் வந்து போலீஸ் முன்னாலேயே எண்ணெய் போட்டுவிட்டுப் போக அனுமதியுங்கள். துரு ஏறித் திரும்பி வந்தால் ரிப்பேர் செலவை யார் தருவது என்பதையும் இப்போதே பேசிவிடுவோம்.

நம் பக்கமும் செய்ய வேண்டியது இருக்கிறது. நாம் ஒழுங்கா? தோலுறையில் போட்டு பீரோவில் வைக்கிறோம். தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், உள்ளேயே துரு ஏறும். பருத்தித் துணியில் சுத்தி வையுங்கள். தேங்காய் எண்ணெய் போடாதீர்கள். நாளாவட்டத்தில் அது பிசினாக இறுகிச் சின்ன ஸ்பிரிங்கை எல்லாம் பிடித்துக்கொள்ளும். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மெசின் எண்ணெய் தேவலை, அதுவும் துளித் துளியாக. தோட்டாவும் துப்பாக்கியும் ஒரே அறையில், ஒரே சாவியில் இருக்க வேண்டாம். தொடும்போதெல்லாம், நேற்றுத்தான் பார்த்தேன் என்று நினைக்காமல், திறந்து ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பாருங்கள். ஆயுத பூசை அன்றைக்கு மண்வெட்டி, அரிவாள், ஸ்பிரேயர் பக்கத்தில் ரிவால்வரையும் வைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கிற வழக்கம் எங்கள் வீட்டிலும் உண்டு. அந்தச் சந்தனத்தைத் துடைக்காமல் விட்டு, அந்த இடத்தில் மட்டும் துரு பிடித்த கதையும் எங்கள் வீட்டில் உண்டு. பூசை முடிந்ததும் துடைத்துவிடுங்கள், சாமி கோவித்துக்கொள்ளாது.

மிஸ்திரி கடைசியாகச் சொன்னது மனசில் நிற்கிறது. ரிவால்வரைக் கையில் கொடுத்துவிட்டு, "அடுத்த எலெக்சனுக்கு வாங்கி வெச்சுத் திருப்பிக் குடுத்தாங்கன்னா, பார்க்க நான் இருப்பனான்னு தெரியல. வேற ஆளும் எனக்குத் தெரியல" என்றார். போன மாசம் அந்தக் கடைக்குப் போன் போட்டேன். அவர் இப்போது வருவதில்லையாம், கண் சரியில்லை. கடைக்காரர் என்னையே கேட்கிறார்: "உங்களுக்கு யாராச்சும் மிஸ்திரி தெரியுங்களா?"

வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் கலெக்டரிடம் இதை மனுவாகக் கொடுக்கிறோம். லைசென்ஸ் வைத்திருக்கிற சொந்தங்கள், எந்த வகைத் துப்பாக்கி, எந்த வருசம் வாங்கியது, கடைசியாக எப்போது ரிப்பேர் பார்த்தது, தேர்தலுக்கு ஒப்படைத்து என்ன நிலைமையில் திரும்பி வந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள். லைசென்ஸின் ஜெராக்ஸ் ஒன்று போதும். காலை பத்து மணிக்குக் கலெக்டர் ஆபீஸ் வேப்பமரத்தடியில் கூடுவோம். துப்பாக்கியை மட்டும் யாரும் கொண்டு வந்துவிடாதீர்கள்!